மீதி 1,080 பகோடா

போன மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் நடந்த மோதலை விளக்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு பிள்ளை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. எழுதியது அத்தனையும் சினிமா வசனம். 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் மீசை துடிக்கப் பேசுவாரே, அதை ஒரு சொல் பிசகாமல் எழுதி, “என்று கட்டபொம்மன் முழங்கினார்” என்று முடித்திருந்தாள்.

இரண்டு மதிப்பெண் போட்டேன். மறுநாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள்.

“டீச்சர், இது எங்க தாத்தா சொல்லித் தந்தது. கட்டபொம்மன் பேசினதுதானே டீச்சர்?”

“அவரு அப்படிப் பேசினாருன்னு யாரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாங்க.”

அவள் சொன்னது உண்மை. எங்கள் பக்கம் எல்லாரும்தான் சொல்லுகிறார்கள். மாறுவேடப் போட்டி என்றால் பத்துப் பிள்ளைகளில் மூன்று பேர் கண்மையால் மீசை வரைந்து, அட்டைக் கத்தியோடு அந்த வசனத்தைச் சொல்வார்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு எங்கள் பள்ளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே இருக்கிற சிலையை நிறுவியவரும் சிவாஜி கணேசன்தான். சிலையைப் பார்க்கிற பிள்ளைக்குக் கட்டபொம்மன் முகமும் நடிகர் முகமும் ஒன்றாகத்தான் தெரியும்.

நடந்தது என்ன? அந்தப் பிள்ளையின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1798-இல் பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய வரி பாக்கி 3,310 பகோடா. பகோடா என்றால் அந்தக் காலத்துத் தங்க நாணயம். பாக்கிக்காகக் கட்டபொம்மனைத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார் ஜாக்சன். இவர் குற்றாலத்துக்குப் போனார், ஜாக்சன் பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார், அங்கேயும் பார்க்கவில்லை. கடைசியில் செப்டம்பர் மாதம் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. மூன்று மணி நேரம் நிற்க வைத்தார் ஜாக்சன். கணக்கை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது. மீதி 1,080 பகோடாதான்! அப்புறம் கோட்டை வாசலில் கைகலப்பு, கம்பெனிப் படையின் லெப்டினன்ட் கிளார்க் சாவு, கட்டபொம்மனின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பிடிப்பு. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியே விசாரணை வைத்து ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்தது.

இதை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். வரி தரமாட்டேன் என்று முழங்கிய ஒருவர் அல்ல அன்றைக்கு அந்த அறையில் நின்றது. கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, கணக்கைக் காட்ட ஊர் ஊராக அலைந்து, வந்த இடத்தில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்ற ஒரு பாளையக்காரர். எனக்கு இவர்தான் பெரியவராகத் தெரிகிறார். ஆனால் பிள்ளைகள் மனதில் நிற்பது வசனம்.

இதில் எனக்கு இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு ஊர் எட்டயபுரம். நான் பிறந்ததும் அங்கேதான். ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று ஊர் பேரைச் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “எட்டப்பன்!” வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க என் பேர் அதுதான். யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டால், நான் வாயைத் திறக்காவிட்டாலும், “எட்டப்பன் புத்தி” என்பார்கள். வீட்டுக்கு வந்து அம்மா மடியில் விழுந்து அழுதிருக்கிறேன்.

எட்டப்பன் என்பது ஒரு ஆளின் பேரே இல்லை. எட்டயபுரம் ஜமீன் பரம்பரைக்கே வழிவழியாக வந்த பட்டம் அது. ஆதரவு இழந்த எட்டுச் சகோதரர்களுக்கு அப்பனாக நின்று காத்ததால் வந்த பேர் என்று அரண்மனைக் கதை சொல்லும். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை, நான் மறைக்கவில்லை. கட்டபொம்மனைத் துரத்திப் போனதும் உண்மை, அதற்குப் பரிசாகப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் பங்கு வாங்கியதும் உண்மை. ஆனால் அவரைக் காட்டில் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிடச் சொன்னது மேஜர் பானர்மேன். காட்டிக்கொடுத்தவன் என்றால் தமிழில் யார் பேர் வருகிறது பாருங்கள். 1882-இல் பாரதி பிறந்த ஊர், முத்துசாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடிய ஊர், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிற ஊர். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வகுப்பில் கிடைத்த பேர் அது.

சரி, இப்போது இன்னொன்றைச் சொல்லவேண்டும். ஊர் பேரால் அத்தனை அழுதவள், நானும் ஒரு வீட்டில் போய் அதையேதான் செய்தேன்.

2005-இல் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடை அண்ணாச்சி ஒருத்தர், நான் வரலாறு படித்தவள் என்று தெரிந்து, ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். “தாயி, இதைப் படி. எல்லாம் நெசமா நடந்ததாம்லா.” டான் பிரவுன் எழுதிய ‘தி டா வின்சி கோட்’. 2003-இல் வெளியாகி உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

கதை தொடங்குவதற்கு முன்னால் தனியாக ஒரு பக்கம். தலைப்பு ‘உண்மை’. சீயோன் மடம் என்கிற ரகசிய சங்கம் 1099-இல் தொடங்கியது, நிஜமாகவே இருக்கிறது. நியூட்டனும் விக்தர் ஹ்யூகோவும் லியோனார்டோ டா வின்சியும் அதன் உறுப்பினர்கள் என்பதற்கான ஏடுகள் 1975-இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடைத்தன. இந்த நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், ரகசியச் சடங்கு எல்லாவற்றின் வர்ணனையும் துல்லியமானவை. இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில். வரலாறு படித்தவளுக்கு அந்தப் பக்கம் போதுமானதாக இருந்தது. இரண்டு இரவில் படித்து முடித்தேன். இயேசுவுக்கும் மகதலேன் மரியாளுக்கும் கல்யாணம் நடந்தது, வாரிசு உண்டு, திருச்சபை ஆயிரத்து எழுநூறு வருஷமாக மறைத்துவிட்டது என்று முழுசாக நம்பினேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா. கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் அம்மா வயது இருக்கும், ஆனாலும் எனக்கு அக்காதான். அவர்களுடைய மகள் கன்னியாஸ்திரியாகி வடநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்த அக்காவிடம் போய், வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பேசினேன். உங்கள் சபை ஏமாற்றிவிட்டது, உங்கள் மகள் ஒரு பொய்க்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறாள் என்கிற அர்த்தம் வருகிற மாதிரியெல்லாம் பேசினேன். இப்போது இதை எழுதும்போதும் கூசுகிறது.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். கோபப்படவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்கள்.

“ஏட்டி, ஒன் ஊரைப் பத்தி சினிமாவுல சொன்னதைப் பிள்ளைய நம்பிட்டுன்னு அந்த அழுகை அழுதியே. இது புஸ்தகத்துல இருக்குன்னு நீ நம்பிட்டியாக்கும்?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அப்புறம் ஒரு மாதம் சாயங்காலமானால் அங்கேதான். தேடத் தேட அந்த ‘உண்மை’ப் பக்கம் வரி வரியாகப் பிரிந்து வந்தது. சீயோன் மடம் என்ற பேரில் ஒரு சங்கம் இருந்தது நிஜம். ஆனால் 1099-இல் இல்லை, 1956-இல். பியர் பிளாந்தார் என்பவரும் கூட்டாளிகளும் பிரான்சில் பதிவு செய்த சங்கம். பக்கத்தில் இருந்த ஒரு மலையின் பேரைத்தான் அதற்கு வைத்தார்கள். தேசிய நூலகத்தில் இருந்த அந்த ஏடுகளை 1960-களில் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர்களே. அதாவது, தாங்களே தட்டச்சு செய்து, தாங்களே நூலகத்தில் வைத்து, பிற்பாடு ஒருவர் ‘கண்டுபிடிக்க’ விட்டார்கள். தான் பிரெஞ்சு ராஜவம்சத்து வாரிசு என்று காட்டிக்கொள்ள பிளாந்தார் செய்த வேலை அது. நியூட்டன் பேரும் டா வின்சி பேரும் அந்தப் பட்டியலில்தான் ஏறின.

கட்டடம் துல்லியம் என்றாரே? பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடிப் பலகைகள் என்று நாவல் சொல்கிறது. உள்ளது 673. சரி, அது சின்ன விஷயம். ஓபுஸ் தேய் என்கிற கத்தோலிக்க அமைப்பிலிருந்து ஒரு துறவி கொலை செய்யக் கிளம்புவதாகக் கதை. 1928-இல் ஸ்பெயினில் தொடங்கிய அந்த அமைப்பில் மடத்துத் துறவிகளே கிடையாது. இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் மகாசபையில் இயேசு கடவுளா என்று வாக்கெடுத்தார்கள், சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது என்று அதில் ஒரு வரலாற்றாசிரியர் பாத்திரம் சொல்லும். அங்கே கூடிய ஆயர்கள் 318 பேர் என்பது மரபான கணக்கு. சபையின் விசுவாச அறிக்கையை ஏற்க மறுத்து நின்றவர்கள் இரண்டே ஆயர்கள். அந்தச் சபையில் நடந்த விவாதம் பெரிய விவாதம், அதன் பின்னால் இருந்த அரசியலும் பெரிது, எத்தனை நாவல் வேண்டுமானாலும் எழுதலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு தேர்தல் முடிவு மாதிரி எழுதியிருக்கிறார்.

லண்டனில் நடந்த வழக்கு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. இதே மரியாள் வாரிசுக் கதையை 1982-இல் மூன்று பேர் சேர்ந்து வரலாற்று ஆய்வு என்ற பேரில் வெளியிட்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர், பேஜன்ட்டும் லேயும், தங்கள் நூலின் மையத்தை பிரவுன் எடுத்துக்கொண்டார் என்று பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2006 ஏப்ரலில் தோற்றார்கள். இதில் உள்ள சிக்கலைப் பாருங்கள். அவர்கள் எழுதியது வரலாறு என்றால், வரலாறு யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதை எழுதலாம். இது என் சொத்து என்று கேட்க வேண்டுமானால், இது என் கற்பனை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கும் மனமில்லை, பிரவுனும் முதல் பக்கத்தில் ‘உண்மை’ என்று போட்டிருக்கிறார். கற்பனை என்ற சொல்லைச் சொல்ல இரண்டு பக்கத்துக்கும் அத்தனை தயக்கம்.

அதே வருஷம் படமும் வந்தது. இந்தியாவில் இது கற்பனைக் கதை என்ற அறிவிப்போடுதான் திரையிட விட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு அதையும் நிறுத்தியது. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தடை சரி என்று நான் நினைக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவும் நினைக்கவில்லை. “தடை போட்டா, ஏதோ நெசம் இருக்கப் போய்த்தான் மறைக்காவன்னு நெனப்பாவ” என்றார்கள். ஒரே கதைக்குப் புத்தகத்தில் ‘எல்லாம் உண்மை’, திரையில் ‘எல்லாம் கற்பனை’. இரண்டுமே வாசகனுக்கு உதவவில்லை. எது எந்தப் பக்கம் என்றுதான் அவனுக்குத் தெரியவேண்டும்.

இப்படிச் சொன்னால், வரலாற்று நாவலே கூடாதா என்று கேட்பார்கள். நான் நாவல் படித்துத்தான் வரலாறு படிக்கப் போனேன். கல்கி இல்லாவிட்டால் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் கொலைகாரர்களின் பேர் இருக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை, அவள் கல்கியின் பிள்ளை. கல்வெட்டில் ஒரு இடைவெளி இருந்தது, அதற்குள் அவளைப் பிறக்க வைத்தார். முதல் பக்கத்தில் சத்தியம் எதுவும் செய்யவில்லை. நந்தினி எங்கே புதைக்கப்பட்டாள் டீச்சர் என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், ஏமாந்த முகம் வைத்துக்கொண்டாவது.

சின்ன வயதில் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம். இரவு வில்லுப்பாட்டு. அம்மன் கதை, சுடலை கதை முடிந்து, கேட்கிறவர்கள் விருப்பத்துக்குக் கட்டபொம்மு கதையும் சில வருஷம் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்தாரே, அந்த வகைக் கதைப்பாடல்கள். அதில் முயல் வரும். வேட்டைக்குப் போன இடத்தில் நாய் முயலை விரட்டும், ஒரு இடம் வந்ததும் முயல் திரும்பி நாயை விரட்டும். வீரம் விளைகிற மண் இதுதான் என்று அங்கே கோட்டை கட்டுவார்கள். புலவர் பாட, பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போட, கூட்டமே முயலோடு ஓடும். மறுநாள் காலையில் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய் முயல் தடத்தை யாரும் தேடியதில்லை.

ஆனால் ஒரு முறை, பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் செத்தவர்களின் பேரைப் பாடிக்கொண்டு வந்தபோது புலவர் ஒரு ஊர்ப் பேரை மாற்றிச் சொல்லிவிட்டார். எங்கள் தாத்தா எழுந்து நின்று, “அண்ணாச்சி, ஊரு பிசகிட்டு” என்றார். வில்லு நின்றது. குடம் நின்றது. புலவர் கும்பிட்டுவிட்டு, சரியான பேரை வைத்து அந்த அடியைத் திருப்பிப் பாடினார். முயலுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, ஊர்ப் பேருக்கு எழுந்தார்கள். எதில் கற்பனை ஓடலாம், எதில் கூடாது என்று பாடுகிறவருக்கும் தெரிந்திருந்தது, திண்ணையில் சுருட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. செத்தவன் பேத்தி அந்தக் கூட்டத்தில்தான் இருப்பாள்.

வாசகர் பாரிஸிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கும்போது எழுந்து நிற்க ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறவர் தானே சொல்லவேண்டும் என்று கேட்கிறேன். பின்னட்டைக்கு முன்னால் இரண்டு பக்கம் போதும்: இது ஏட்டில் உள்ளது, இது நான் சேர்த்தது. விறுவிறுப்பு அதனால் குறையாது. கதை படித்து முடித்த பிறகுதானே அதைப் படிக்கப் போகிறோம்?

அந்தப் பிள்ளையை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்து 3,310-ஐயும் 1,080-ஐயும் அடிக்கோடிடச் சொன்னேன். கழித்துப் பார்க்கச் சொன்னேன். “ரெண்டாயிரத்து எரநூத்து முப்பது கட்டியாச்சு டீச்சர்” என்றவள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்புறம் எதுக்கு டீச்சர் நிக்க வச்சாரு?” என்றாள்.

“எழுதிட்டு வா” என்றேன்.

திங்கட்கிழமை கொண்டுவந்தாள். ராமநாதபுரம். நின்றுகொண்டிருக்கிறார் கட்டபொம்மன். பக்கத்தில் சிவசுப்பிரமணிய பிள்ளை கையில் கணக்குச் சுவடி. ஜாக்சன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் ஆகிறது, இரண்டு ஆகிறது. கட்டபொம்மன் முழங்கவே இல்லை. “மீதி இருக்கிறதை நான் மறுக்கவில்லை. கொடுத்ததை நீர் ஏன் பார்க்கவில்லை?” என்று மட்டும் மெல்லக் கேட்கிறார். அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு எழுதியிருந்தாள்: நின்றது, 1,080 பகோடா, கிளார்க் இறந்தது, பிள்ளை பிடிபட்டது பாடப்புத்தகத்தில் உள்ளது. பேசியது நான் எழுதியது.

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்து எங்கள் அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன், சரி என்றாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“டீச்சர், அன்னைக்கு எட்டயபுரத்து ராஜா வீட்டுல என்ன பேசிக்கிட்டு இருந்திருப்பாவ?”

“தெரியலையே மக்களே. எழுதிப் பாரு. பென்சில் கோட்டை மறந்துராத.”